வாடைக்குத் திறந்த சுவர்

காலையிலிருந்து இறால் போடுகிற ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, ஏரிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துவிட்டு, கழுத்து வரைக்கும் ஈரமாகத் திரும்பி வந்த குணசுந்தரிக்குத் தன் வீட்டுக்குள் நுழைய வழியில்லை. வாசலில் முப்பது ஜோடிச் செருப்பும் ஷூவும் கிடந்தன. உள்ளே பிள்ளைகள். எல்லாரும் கட்டடக்கலை படிக்கிறவர்கள். சென்னையிலிருந்து பஸ் பிடித்து, பழவேற்காட்டில் படகு பிடித்து வந்திருக்கிறார்கள். ஒருவன் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் வடக்குச் சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், சாமி சன்னிதியில் நிற்கிற மாதிரி. நடுவில், கட்டிலில், குரங்குக் குல்லா போட்ட அவள் புருஷன் வேலு கல்யாண வீட்டுக்காரன் தோரணையில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இருமல் வந்தால் சிரிப்பை நிறுத்தி, இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி சிரித்தான்.

சேலை மாற்ற வேண்டும். மாற்றுச் சேலை உள்ளே கொடியில் கிடந்தது. அதையும் ஒரு பையன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அடேயப்பா, கிழிந்த சேலைக்குக்கூட இப்படி ஒரு யோகம். குணசுந்தரி பறியைக் கூரை நிழலில் வைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே பக்கத்து வீட்டுக் குப்பம்மாவிடம் போனாள்.

"இன்னாடி, மியூசியத்துல எடம் இல்லியா?" என்றாள் குப்பம்மா. சொன்னாலும் உடனே தன் நைட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவள் வீட்டில் வடக்குப் பக்கம் முழுக்க சிமெண்ட் பூசி, ரோஸ் கலர் அடித்து, நடுவில் இரும்பு ஜன்னல் ஒன்று வைத்திருந்தது. ஜன்னலைச் சாத்தினால் போதும், காற்றும் கிடையாது, ஒன்றும் கிடையாது. குணசுந்தரி அந்த ஜன்னல் கொக்கியை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள். வயிறு எரிந்தது என்று சொன்னால் தப்பில்லை.

சின்னமேட்டுக் குப்பத்தில் குணசுந்தரி வீடு மாதிரி வீடுகள் மொத்தம் இருபத்திரண்டு. சுனாமிக்கு அடுத்த வருஷம் கட்டியவை. கட்டியவர் சேஷகிரி என்கிற பெரிய ஆர்க்கிடெக்ட். டெல்லியிலும் கோயம்புத்தூரிலும் அவர் கட்டிய நூலகத்தையும் கலைக்கூடத்தையும் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஜனம் வருகிறதாம். குப்பத்தில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. எப்போதும் காதில் பென்சில் செருகிக்கொண்டு வந்ததால் 'பென்சில் சார்' என்று கூப்பிட்டார்கள், அவரும் என்ன என்று திரும்பினார். இந்த இருபது வருஷத்தில் இருபத்தொரு வீடுகள் உருமாறிவிட்டன. ஒருவன் சுவரை அடைத்தான், ஒருவன் முன்பக்கம் ஷீட் இறக்கினான், ஒருவன் மாடி எடுத்தான், வெளிநாடு போய் வந்த ஒருவன் சுவர் முழுக்க பாத்ரூம் டைல்ஸ் ஒட்டினான். குணசுந்தரி வீடு மட்டும் முதல் நாள் சாவி வாங்கியபோது எப்படியோ இன்றும் அப்படியே நிற்கிறது. அடைக்க ஆசை இல்லாமல் அல்ல. கையில் கொஞ்சம் சேரும்போதெல்லாம் வேலுவின் நெஞ்சு அதை வாங்கிக்கொண்டு போயிற்று. அதைத்தான் போன வருஷம் வந்த ஒரு பத்திரிகைக்காரர், "மகத்தான கலைஞனின் மனத்தைப் புரிந்துகொண்ட ஒரே குடும்பம்" என்று எழுதிவிட்டுப் போனார். வேலு அந்தக் காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான்.

சும்மா சொல்லக் கூடாது, வெயில் காலத்தில் அந்த வீடு சொர்க்கம்தான். வடக்குச் சுவர் நேராக இல்லாமல் லேசாக வளைந்து ஏரியைப் பார்த்து நிற்கும். செங்கற்களை ஒன்றுவிட்டு ஒன்று சாய்த்து அடுக்கி, சுவர் முழுக்கத் துளை. ஒவ்வொரு துளையும் உள்ளே அகலம், வெளியே குறுகல். தெற்கு வாசலில் நுழைகிற காற்று வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தத் துளைகள் வழியே வெளியே போகும். சித்திரை மத்தியானத்தில் ஃபேன் வேண்டாம். தரை குளிர்ந்து கிடக்கும். ஊரில் பாதிப் பெண்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு கருவாடு ஆய்வதற்கு அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். போன வருஷப் புயலில் மாடி எடுத்தவன் வீடு விரிசல் விட்டது. இந்த வீட்டில் ஒரு செங்கல் அசையவில்லை. காற்றை எதிர்த்தால்தானே அது தள்ளும், இது வா என்று விட்டுவிடுகிறது என்று, பிள்ளைகளைக் கூட்டி வருகிற காந்தா மேடம் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் குணசுந்தரி பல தடவை கேட்டிருக்கிறாள். மெய்தான். அந்த 'வா'தான் வினை.

வினையை இழுத்துவிட்டது வேறு யாருமில்லை, அவளேதான். இந்தச் சேதி குப்பத்துக்கே தெரியும், வெளியிலிருந்து வருகிறவர்கள் யாருக்கும் தெரியாது.

வீடு கட்டுவதற்கு முன்னால், ஒரு சித்திரை மாசம், பென்சில் சார் குப்பத்து ஜனத்தையெல்லாம் மணலில் உட்கார வைத்து, தானும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கொடுத்த இறால் தொக்கை விரலை நக்கிச் சாப்பிட்டார். பக்கத்தில் நோட்டும் கையுமாகக் காந்தா. அப்போது அவள் படித்துமுடித்த சின்னப் பெண். பென்சில் சார் ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், வலையை எங்கே காயப்போடுவீர்கள், சண்டை வந்தால் எங்கே நின்று போடுவீர்கள். அந்த மாதிரி யாரும் அவர்களைக் கேட்டதில்லை. பிறகு, "உங்களுக்கு எது நல்ல காத்து?" என்றார். ஆம்பளைகள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்து ஆறு மாசம்கூட ஆகாத குணசுந்தரிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் முந்திக்கொண்டாள்: "வாடதான் சார் நல்ல காத்து. வாட வந்தாத்தான் எங்க வூட்ல அடுப்பு எரியும்." எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். காந்தா அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அதில் பொய் ஏதும் இல்லை. ஐப்பசியில் வடக்கிலிருந்து வாடை இறங்கினால்தான் மழை, மழைத் தண்ணீர் வந்தால்தான் முகத்துவாரம் திறக்கும், திறந்தால்தான் ஏரி நிறைய இறால். அந்த ஊரில் காற்று என்றால் தொழில் காற்று. வீட்டுக்கென்று ஒரு காற்று உண்டு என்று அங்கே எவனும் நினைத்ததில்லை. காற்றிலிருந்து தப்பித்து ஓடி வந்து நுழைகிற இடத்துக்குப் பெயர்தான் வீடு. அவர்களுடைய பழைய ஓலைக் குடிசைகள் எல்லாமே வடக்குப் பக்கம் ஒரு விரல் நுழையாமல் கட்டியவை. அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அந்தக் குடிசைகளைத்தான் அலை அள்ளிக்கொண்டு போயிருந்ததே. அவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது இவர்களுக்குத் தெரியாது. அவர் அவர்களுடைய நல்ல காற்றுக்கு மரியாதை செய்து இருபத்திரண்டு வீட்டையும் வடக்குப் பார்த்துத் திறந்துவிட்டார். வைகாசியில் அஸ்திவாரம் போட்டு, அந்த ஆவணியிலேயே சாவி கொடுத்து, எல்லார் கையையும் பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கார்த்திகை வந்ததும் ஊரே போர்வைக்குள் சுருண்டு உட்கார்ந்து குணசுந்தரியைத் திட்டியது.

அவர் அப்புறம் வரவே இல்லை. மூன்று வருஷம் முன்னால் செத்துப்போனார் என்று காந்தா மேடம் வந்து சொல்லி அழுதபோது குணசுந்தரியும் அழுதாள். தொக்கை நக்கிச் சாப்பிட்ட மனுஷன். அதற்குப் பிறகுதான் இந்தக் கூட்டம் வர ஆரம்பித்தது.

வேலுவுக்கு நெஞ்சு கெட்டு எட்டு வருஷமாகிறது. முன்பு ராத்திரி பகல் பார்க்காமல் தண்ணீரில் நின்று வலை போட்டவன்; இப்போது படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று உட்கார்ந்தே தூங்குகிறான். பகல் முழுக்க அவனுக்கு வேலை அந்தச் சுவரைப் பார்ப்பதுதான். எந்தத் துளையில் எது தெரியும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கீழிருந்து ஐந்தாவது வரிசையில் கலங்கரை விளக்கம், அதற்குப் பக்கத்தில் பசியாவரத்துக்குப் போகிற படகு, மூன்றாவது வரிசையில் அவன் பெண்டாட்டி. "நீ மூணாவது வரிசைலேர்ந்து எடது பக்கமா நகந்துக்கினே போனீன்னா எறா கெடைக்கலன்னு அர்த்தம். ஒரே ஓட்டைல குந்திக்கினு இருந்தா, அன்னிக்கு நல்ல பாடு," என்பான். வருகிற பிள்ளைகளுக்கு அதை ஒரு தடவை சொன்னான், அவர்கள் கைதட்டினார்கள். உண்மையைச் சொன்னால் அந்தச் சுவரை ரசிக்கிறவன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் ஒரு மணி நேரம் ரசித்துவிட்டுப் படகுக்குப் போய்விடுகிறார்கள்.

போன தை மாசம் பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூட்டி வந்தபோது டாக்டரம்மா குணசுந்தரியைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "குளிர்காத்து பட்டதாலதான் இவ்ளோ தூரம் போயிருக்கு. இன்னொரு வாடைக்கு இவரு நுரையீரல் தாங்காதும்மா. காத்து படாத எடத்துல வெச்சுக்கோ." இவ்வளவுதான் அந்த அம்மா சொன்னது. அன்றிலிருந்து குணசுந்தரிக்கு உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. வாடை இறங்குவதற்குள் அந்தச் சுவரை மூட வேண்டும். பத்து மாசம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, செங்கல்லும் நாலு மூட்டை சிமெண்டும் படகில் ஏற்றி வந்து வீட்டுக்குப் பின்னால் அடுக்கிவிட்டாள். கொத்தனார் வேதாசலம் வருகிற திங்கள்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

மூடப்போவதைச் சொன்னபோது வேலு துளை துளையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"மூடிட்டா ஒன்னப் பாக்க முடியாதேடி," என்றான் கடைசியில்.

"பாத்து இன்னா ஆவப் போவுது? ரம்பையா நானு?"

"ஒரே ஒரு ஓட்டைய வுட்டுடச் சொல்லு. மூணாவது வரிசைல. நான் துணி வெச்சு அடச்சிக்கறேன், வோணும்னா எடுத்துப் பாத்துக்கறேன்."

வேதாசலம் சரி என்றிருந்தார். அந்தத் துளைக்குச் சுண்ணாம்பால் ஒரு வட்டம்கூடப் போட்டு வைத்திருந்தார்.

இதற்கு நடுவில்தான் இன்றைக்கு இந்தக் கூட்டம். குப்பம்மாவின் நைட்டியோடு திரும்பி வந்தபோது வாசலில் குப்பத்துத் தலைவர் கருப்பன் வேட்டியும் துண்டுமாக நின்றிருந்தார். இரண்டு ஆட்கள் சணல் சாக்கில் சுற்றிய ஒரு கருங்கல் பலகையைப் படகிலிருந்து தூக்கி வந்தார்கள். காந்தா மேடம் ஓடி வந்து குணசுந்தரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தலை பாதி நரைத்துவிட்டது, ஆனால் அந்த நோட்டுக்காரப் பெண்ணின் முகம் அப்படியே இருந்தது.

"குணா, உங்களுக்கு ஒரு பெரிய சந்தோஷம் கொண்டுவந்திருக்கேன்," என்றார். சாக்கைப் பிரித்தார்கள். கல்லில் பென்சில் சாரின் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: 'வாடைதான் எங்களுக்கு நல்ல காற்று – சின்னமேட்டுப் பெண் ஒருத்தி.' பிள்ளைகள் கைதட்டினார்கள். "சார் கிளாஸ்ல எப்பவும் இந்த வரியைத்தான் சொல்லுவார். வீடு கட்டப் போறவன் முதல்ல காதைத் தொறந்து வெச்சுக்கணும், எனக்கு ஒரு மீனவப் பொண்ணு சொல்லிக்கொடுத்தான்னு. இன்னைக்கு எத்தனையோ காலேஜ்ல இது பாடம். அந்தப் பொண்ணு நீங்கதான்."

குணசுந்தரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்கள், அதுவும் செத்த மனுஷன் பெயரைச் சொல்லி வந்தவர்கள். முகத்துக்கு நேரே என்னத்தைச் சொல்வது?

சேதி அதோடு முடியவில்லை. பென்சில் சார் பெயரில் இருக்கிற அறக்கட்டளை இந்த வீட்டை நினைவு வீடாக எடுத்துப் பாதுகாக்கப் போகிறதாம். அவர்கள் அதிலேயே குடியிருக்கலாம், சாகும்வரை இருக்கலாம். ஆனால் ஆணி அடிக்கக் கூடாது, வெள்ளை அடிக்கக் கூடாது, ஒரு துளையைக்கூட அடைக்கக் கூடாது. கருப்பன் போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார். வீடுகளின் பட்டா இன்னும் குப்பத்து மீனவர் சங்கத்தின் பெயரில்தான் இருக்கிறது. அவள் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. பதிலுக்கு அறக்கட்டளை குப்பத்துக்கு ஒரு சிமெண்ட் படகுத்துறை கட்டித் தரும்.

குணசுந்தரி கருப்பனைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். "இன்னாண்ண இது? திங்கக்கெழம கொத்தனாரு வராரு. ஒனக்குத் தெரியாதா? டாக்டரம்மா சொன்னத ஒங்கிட்ட வந்து அழுதேனே."

கருப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை. போன முறை வேலுவை ஆஸ்பத்திரிக்குப் படகில் ஏற்ற, முழங்கால் சேற்றில் தோளில் சுமந்துகொண்டு போனவர் அவர்தான். "எனக்கு மட்டும் தெரியாதா, தங்கச்சி? அந்தச் சேத்துல புள்ளத்தாச்சிங்கள எத்தினி பேர தூக்கினு போயிருக்கோம். கலைவாணி புள்ள அந்தச் சேத்துலயே பொறந்து செத்துச்சே, மறந்துட்டியா? இருவது வருசமா மனு குடுத்துக் குடுத்து ஒரு நாயும் திரும்பிப் பாக்கல. இவங்கோ வந்து தானா கட்டித் தரோம்றாங்கோ. நான் இன்னா சொல்லட்டும், நீயே சொல்லு."

அவர் சொன்னது அத்தனையும் மெய். அதுதான் அநியாயம். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடிந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கலைவாணி தன் வீட்டு வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். குணசுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் பிள்ளைகள் படகில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் காந்தா மேடத்தின் பின்னாலேயே போனாள். சேற்றில் செருப்பு மாட்டி மேடம் தடுமாற, கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது விட்டால் அவ்வளவுதான் என்று தோன்றியது.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நான் தப்பாச் சொல்லிட்டேன் மேடம்."

"எதை?"

"அந்தக் கல்லுல எழுதினது. வாட நல்ல காத்துன்னு நான் சொன்னது ஏரிக்கு. வூட்டுக்கு இல்ல. வூட்டுக்கு அதுதான் மேடம் எமன். நாங்க எந்தக் காலத்துலயும் வடக்கால தொறந்து வூடு கட்டினது இல்ல. அன்னிக்கு சாரு கேட்டாரு, நான் லொடலொடன்னு சொல்லிட்டேன். ஊரே தலையாட்டிடுச்சு. அவருக்குப் புரியும்னு நெனச்சோம்." மூச்சு வாங்கியது. "எம் புருசனுக்கு இந்த வாட தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்கோ மேடம். கல்லு, சிமெண்டு எல்லாம் வாங்கி வெச்சிட்டேன். அந்த ஒரு செவுரு மட்டும் மூடிக்கறேன்."

காந்தா மேடம் அங்கேயே நின்றுவிட்டார். எதையும் மறுத்துப் பேசவில்லை. அவர் கையால் எழுதிய வரியல்லவா. குணசுந்தரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டையே பார்த்தார். சாயங்கால வெளிச்சத்தில் அந்தச் சுவர் மெய்யாகவே அழகாகத்தான் இருந்தது, கோபத்திலும் குணசுந்தரிக்கு அது தெரிந்தது.

"நான்தானே எழுதினேன்," என்றார் மேடம். "ஏன் நல்ல காத்துன்னு திருப்பி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேக்கவே இல்ல. சாரும் கேக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது இப்ப என் கையில இல்ல, குணா. குழுன்னு ஒண்ணு இருக்கு. ஏழு பேர். ஒரு ஆணிக்குக்கூட அவங்க கூடி முடிவு பண்ணணும். நான் பேசறேன். சத்தியமாப் பேசறேன். தை மாசம் கூட்டம் இருக்கு."

"தை பொறந்தா வாடயே நின்னுடும் மேடம்."

படகுக்காரன் கூப்பிட்டான். ஏறும்போது அவர் மெதுவாக, "இந்த மாசக் கடைசில புத்தகத்துக்குப் படம் எடுக்க ஒருத்தரை அனுப்பணும். வாடையில வீடு எப்படி இருக்குன்னு வேணுமாம். வேற தேதி மாத்த முடியுமான்னு பாக்கறேன்," என்றார். அவர் மாற்றப் பார்த்திருப்பார். ஏழு பேர் சரி என்றிருக்க மாட்டார்கள்.

திங்கள்கிழமை வேதாசலம் வரவில்லை. கருப்பன் ஆளனுப்பி, செங்கல் அடுக்கு படத்தில் விழுமாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் குப்பம்மா வீட்டுக் கொல்லைக்கு மாற்ற வைத்தார். சுண்ணாம்பு வட்டத்தை ஒரு பையன் வந்து ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போனான். கல் பலகையை வாசலுக்குப் பக்கத்தில் நட்டார்கள்.

வேலுவை வேறு எங்கேயாவது கொண்டுபோய் வைக்கலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. குப்பம்மா வீட்டில் ஏழு பேர், கால் நீட்ட இடமில்லை. அப்படியும் அவள் "இட்டாந்துடுடி, பாத்துக்கலாம்" என்றாள். ஆரம்பாக்கத்தில் அவன் அக்கா காசியம்மாள் வீடு இருக்கிறது. நல்ல மெத்தை வீடு, நாலு பக்கமும் மூடின சுவர். குணசுந்தரி துணியை மூட்டை கட்டினாள். வேலு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நான் போவ மாட்டேன், குணா. அங்க போனா செவுரத்தான் பாத்துக்கினு குந்தி இருக்கணும். தண்ணியப் பாக்காத எடத்துல எனக்கு மூச்சு வராது."

"யோவ், இங்கயே இருந்தா மட்டும் வருமா?"

"இங்க ஒன்னயாவது பாத்துக்கினு இருப்பேன்ல."

அவள் மூட்டையைத் தூக்கி எறிந்தாள். கத்தினாள். அவன் அப்பனை, ஆயாளை, பென்சில் சாரை, ஏழு பேர் குழுவை, தன் வாயை, எல்லாவற்றையும் திட்டினாள். அவன் இருமி முடிக்கும்வரை காத்திருந்து மறுபடி திட்டினாள். பிறகு அவன் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஐப்பசி இருபதாம் தேதிக்கு மேல் வாடை இறங்கியது. முதலில் ஏரியின் நிறம் மாறியது, பிறகு கொக்குகள் கரைக்கு வந்து உட்கார்ந்தன, அப்புறம் ஒரு விடிகாலையில் சுவரிலிருந்த துளைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஊத ஆரம்பித்தன. மற்ற வருஷங்களில் அவள் தேர்தல் ஃப்ளெக்ஸ் பேனர்களைத் துளைக்குத் துளை ஆணி அடித்துத் தொங்கவிடுவாள். பாதிக் குளிராவது தடைபடும். இந்த வருஷம் ஆணி கிடையாது. பழைய ஆணித் துளைகளைக்கூட அறக்கட்டளைக்காரர்கள் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டிருந்தார்கள். வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டினாள். காற்று பேனரை ஊதிப் புடைக்க வைத்து, கயிற்றோடு பிய்த்து, வேட்பாளர் கும்பிட்ட கையோடு அவரைக் கொண்டுபோய்க் குப்பம்மா கூரையில் போட்டது. துளைகளில் துணியைத் திணித்தாள். இருந்த சேலை, பாவாடை, சாக்கு, வேலுவின் வேட்டி எல்லாம் சேர்ந்து முப்பது நாற்பது துளைக்கு வந்தது. வெளியே குறுகல், உள்ளே அகலம். பென்சில் சாரின் புத்தி. உள்ளேயிருந்து திணித்தவை ஒவ்வொன்றாகக் காற்றோடு திரும்பி அவள் மடியிலேயே வந்து விழுந்தன. சாரலில் நனைந்த துணியை எடுத்துப் பிழிந்து மறுபடி வைத்தாள்.

கட்டிலை நகர்த்தாத இடமில்லை. வளைந்த சுவர் காற்றை வீட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி கட்டியது. வெயில் காலத்தில் இதைத்தான் எல்லாரும் வியந்து வியந்து பேசினார்கள்.

வேலுவுக்கு இரண்டாவது நாளே பேச்சு நின்றுவிட்டது. மூச்சை இழுப்பதும் விடுவதுமே பெரிய வேலையாகிவிட்டது. பொன்னேரிக்குக் கொண்டுபோகப் படகு கேட்டாள். இந்தக் காற்றில் படகை எடுத்தால் எல்லாருமே போவோம், கொஞ்சம் தணியட்டும், தணிந்த அடுத்த நிமிஷம் நான் வந்து நிற்கிறேன் என்று கருப்பன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். வெளியே ஏரியில் பெண்களின் கூச்சல் கேட்டது. கரையோரத்தில் முழங்கால் தண்ணீரிலேயே இறால் வந்து மோதுகிறதாம், கையை வைத்தால் கை நிறைய. வருஷம் முழுக்க எதிர்பார்த்த பாடு. "குணா, வாடி, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போடி," என்று குப்பம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள். குணசுந்தரி வரவில்லை என்று தலையை ஆட்டினாள்.

அவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். கட்டிலைச் சுவருக்கு ஒரு அடி தள்ளிப் போட்டு, அவனை அதில் உட்கார வைத்து, அவனுக்கும் சுவருக்கும் நடுவில் தான் நின்றுகொண்டால், துளைகளில் தன் முதுகை அப்பி இரண்டு கையையும் விரித்துக்கொண்டால், அவன் தலைக்கும் நெஞ்சுக்கும் நேரே வருகிற காற்று மட்டும் படவில்லை. அவன் மூச்சு கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், சீராகிற மாதிரி இருந்தது. அது மெய்யோ அவள் நினைப்போ தெரியாது. பின்னால் ஒவ்வொரு துளையும் ஒரு ஈர விரலாக முதுகைக் குத்தியது. பத்து நிமிஷத்தில் முதுகு மரத்துப்போனது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் குனிந்து அவள் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டான்.

படம் எடுக்கிறவன் அன்றைக்குக் காலையில் வந்து சேர்ந்தான். பிரசாந்த் என்று பெயர் சொன்னான். இந்தக் காற்றில் படகு கிடைக்காது என்று, வாடைக்கு முன்னாலேயே இந்தக் கரைக்கு வந்து அடுத்த குப்பத்தில் தங்கி, கரையோரமாகவே இரண்டு மணி நேரம் நடந்து வந்திருந்தான். கேமராவைப் பாலிதீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தான். நல்ல பையன். வணக்கம் சொன்னான், செருப்பைக் கழற்றினான், வாசலில் இருந்த கல்லைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வெளியே மேகம் விலகி ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. துளைகள் எல்லாம் வெள்ளையாக எரிந்தன. நடுவில் சுவரோடு சுவராக இரண்டு கையையும் விரித்து ஒரு பெண். அவள் வயிற்றில் தலைசாய்த்து ஒரு ஆண்.

"அம்மா," என்றான் பிரசாந்த். கேமராவைச் சுற்றிய பாலிதீனைப் பிரித்தான். "அப்படியே இருங்கம்மா. அசையாதீங்க. நீங்களும் இந்தச் சுவரும்... இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை."

குணசுந்தரி அசையவில்லை. அசைய முடியாது. கேமரா ஒரு தடவை சொடுக்கியது, பிறகு நிறைய தடவை. அவள் விரித்த கைக்கு அப்பால் இடது பக்கம் நாலு வரிசை, வலது பக்கம் ஆறு வரிசை, தலைக்கு மேலே கூரை வரைக்கும் துளைகள் திறந்தே கிடந்தன. அவற்றின் வழியே வாடை வந்துகொண்டிருந்தது. வேலுவின் தோளில் கிடந்த போர்வையின் ஓரத்தை அது தூக்கித் தூக்கிப் போட்டது, அதை இழுத்து மூட அவளுக்கு இன்னொரு கை இல்லை.